மணி அடித்த பிறகு மாற்றிய கடவுச்சொல்

இன்று காலை, மறுக்கப்பட்ட இணைப்புகளின் பதிவில் ஒரு வரி இருந்தது. நேரம், பயனர் பெயர், அதற்குப் பிறகு 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற வழக்கமான வசனம். பெயர் இருந்த இடத்தை முதலில் கையால் மறைத்துக்கொண்டேன். பிறகு வாசித்தேன். மட்டக்களப்பு அலுவலகத்தில் இருப்பவர். தன் கடவுச்சொல்லைப் பிழையாக அடித்திருக்கிறார். தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு பதிவை மேலிருந்து கீழாக இன்னொரு தரம் பார்த்தேன். வேலை ஓடவில்லை. அதுதான் உமக்கு எழுதுகிறேன்.

நான் இப்போது கொழும்பில், தலைமை அலுவலகத்தில் இருக்கிறேன். யாழ்ப்பாணத் தீவுப் பக்கம், ஊர்காவற்றுறை அலுவலகத்தில் இருந்தபோது நாங்கள் இருவரும் தொலைபேசியில் குரலாக மட்டும் அறிந்திருந்த அந்தக் கொழும்பு அக்காவுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. குரலை வைத்து நீர் கற்பனை செய்ததுபோல அவர் நெட்டையுமில்லை, ஒல்லியுமில்லை. ஒவ்வோர் ஊரிலும் இருக்கும் எங்கள் சிறிய அலுவலகங்களின் இணையச் செயலி, இங்கேயுள்ள தரவுத்தளத்தோடு எப்படித் தொடர்புகொள்ள வேண்டும் என்று அமைத்துக் கொடுப்பது என் வேலை. அதாவது அங்கே நீர் செய்த வேலை. சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். முடிந்திருக்கலாம். வீட்டு வாசலில் ஒரு வான் வேகத்தைக் குறைத்தால், அது தாண்டிப் போகும் வரை நான் இன்னும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்கிறேன்.

நீர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்வீர். அப்போதும் சொன்னீர். என் ஊரான சரவணையிலிருந்து பஸ்ஸில் வரும்போது, இறக்கிச் சோதிக்கும் இடத்தில் என் அடையாள அட்டை கையிலிருந்து இரண்டு தரமாவது கீழே விழும். அலுவலகத்துக்கு வந்து அதைச் சொன்னால் உமக்குப் பகிடி. "வெங்காயம் நட்ட கைக்கு அட்டை பிடிக்கத் தெரியேல்லை" என்பீர். கடலுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளை நீர். தோட்டக்காரர் எல்லாரும் உமக்குக் கொஞ்சம் இளக்காரம். நானும் விடுவதில்லை. "உம்மில மீன் மணக்குது, தள்ளி இரும்" என்பேன். இரண்டு மேசை, ஒரு அலுமாரி, செயலியை ஓட்டும் வழங்கியாக வேலை செய்த ஒரு பழைய கணினி, பின்பக்கம் சத்தம் போடும் ஜெனரேற்றர். அந்த ஒற்றை அறையில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்ததை வெளியில் நின்று யாராவது கேட்டிருந்தால், அங்கே என்ன வேலை நடக்கிறது என்று நம்பியிருக்கவே மாட்டார்கள்.

நடந்த வேலை இதுதான். வீட்டிலிருந்து, வீதியிலிருந்து, இறங்குதுறையிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் ஆட்கள் எங்களிடம் வருவார்கள். நாங்கள் கேட்டுக் கேட்டுத் திரையில் நிரப்புவோம். யார், எங்கே, என்ன வாகனம், கடைசியாகக் கண்டது யார். அந்தக் கடைசிக் கேள்விக்கு வந்தவுடன் எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள். பிடித்தவர்களுக்கு, கண்ட ஆள் யாரென்று தெரிந்தால் அடுத்ததாக அந்த ஆள் என்பது எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் சொல்வார்கள். எழுதாவிட்டால் போன பிள்ளை போனதே இல்லை என்று ஆகிவிடும் என்ற பயம், மற்றப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

நெடுந்தீவிலிருந்து வந்த அந்த மனிதரை நினைவிருக்கிறதா? வள்ளத்தில் நனைந்த இடுப்புச் சாரத்தோடு கதிரையின் விளிம்பில் இருந்தவர். அவருடைய மகனை வாகனத்தில் ஏற்றியதைக் கண்டவர் அவரேதான். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு உம்மைப் பார்த்துக் கேட்டார், "என்ர பேர் வெளியில போகாதுதானே பிள்ளை? எனக்கு இன்னும் கட்டிக் குடுக்காத ரெண்டு குமர் இருக்கு."

"போகாது ஐயா. இந்த அறையிலயே இராது" என்றீர்.

அது உண்மை. பெயர்கள் எங்கள் கணினியில் இருக்கவில்லை. எங்களிடம் இருந்தது செயலி மட்டும். பெயர்கள் போய்ச் சேரும் தரவுத்தளம் தூரத்தில், கொழும்பில். ஆனால் அங்கே போகும் வழி எங்களிடம் இருந்தது. ஒரு செயலி தரவுத்தளத்தோடு பேசுவதற்கு நான்கு விடயங்கள் வேண்டும். எந்த முகவரியில் இருக்கும் கணினி, அதில் எந்தத் தரவுத்தளம், கேட்பவரின் பயனர் பெயர் என்ன, கடவுச்சொல் என்ன. இந்த நான்கையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கும்படி கைநூல்கள் சொல்லும். எல்லாரையும் போல நாங்களும் எழுதித்தான் வைத்திருந்தோம். நீர் ஐந்தாவதாக ஒரு வரியும் சேர்த்திருந்தீர்: பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று. அதைப் பெரிய எண்ணாக மாற்றியிருந்தீர். "எங்கட லைன் நடந்து வாற லைன். ஓடி வா எண்டால் விழுந்துபோகும்" என்றீர். உண்மைதான். ஒரு பெயரைச் சேமிக்கக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து முடிக்கலாம். அவ்வளவு நேரமும் செயலி பொறுமையாகக் காத்துக்கொண்டிருக்கும்.

பிறகுதான் அவர்கள் வந்தார்கள். யாரென்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அலுமாரியைக் கிண்டினார்கள். உம்முடைய கைப்பையை மேசையில் கவிழ்த்துக் கொட்டினார்கள். ஒருவர் கணினிக்கு முன்னால் இருந்து பொத்தானை அமர்த்தினார். வேலை செய்யவில்லை. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லாத நாள் அது. முதல்நாள் டீசல் வாங்க மறந்ததற்கு நான் உம்மிடம் நல்ல பேச்சு வாங்கியிருந்தேன்.

"கரண்ட் எப்ப வரும்?" என்று கேட்டார்.

"தெரியாது ஐயா. வந்தால்தான் தெரியும்" என்றீர். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னீர்! மேசைக்குக் கீழே உம்முடைய நகம் என் முழங்கையில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தழும்பு நெடுநாள் இருந்தது. அவர்கள் போன பிறகு நான் அழுதேன். நீர் அழவில்லை. டீசலுக்கு ஆள் அனுப்பினீர், கணினி எழும்பியதும் அந்தக் கோப்பைத் திறந்தீர், முகவரி இருந்த வரியையும் கடவுச்சொல் இருந்த வரியையும் அழித்தீர். அன்றைக்கே கொழும்பு அக்காவிடம் சொல்லி, தரவுத்தளத்தில் புதிய கடவுச்சொல்லும் போட்டுக்கொண்டீர்.

அன்றிலிருந்து புதுமுறை. காலையில் வழங்கியை எழுப்பியதும் என்னை மற்றப்பக்கம் பார்க்கச் சொல்லுவீர். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, முகவரியையும் கடவுச்சொல்லையும் கையால் அடிப்பீர். அவை எந்தக் கோப்பிலும் விழாது. கணினி ஓடும்வரை அதன் ஞாபகத்தில் நிற்கும். மின்சாரம் போனால் அதோடு போய்விடும். மின்சாரம் எங்களுக்கு எத்தனை தரம் போகும் என்று உமக்குத் தெரியும். ஒவ்வொரு தரமும் நீர் திரும்ப வந்து அடிப்பீர், நான் திரும்பச் சுவரைப் பார்ப்பேன். அந்தச் சுவரில் இருந்த வெடிப்புகளை இப்போது கேட்டாலும் வரைந்து காட்டுவேன்.

ஒன்றும் அடிக்காமல் செயலியைத் திறந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். நீர் சிரித்துக்கொண்டு திறந்து காட்டினீர். அது பேசாமல் எங்கள் கணினியிலேயே இருந்த பயிற்சித் தரவுத்தளத்தோடு இணைந்துகொண்டது. பார்க்க எல்லாம் அப்படியே இருந்தது: அதே பக்கம், அதே கேள்விகள். ஆனால் உள்ளே இருந்த ஆட்களின் பெயர்களை வாசித்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடலரசி, வெள்ளிமலர், ஆரோக்கியமாதா, புதுவிடியல். இறங்குதுறையில் கட்டியிருக்கும் வள்ளங்கள் அத்தனையும் அங்கே காணாமல் போயிருந்தன. "ஆரும் வந்து திறந்தால் இவையளைத் தேடட்டும்" என்றீர். "என்ர அப்பாவின்ர வள்ளமும் கிடக்குது, பாரும். கண்ட சாட்சி மூண்டு நண்டு."

ஒரு நாள் நான் கேட்டேன், எனக்கும் அந்தக் கடவுச்சொல்லைச் சொல்லும் என்று. உமக்குக் காய்ச்சல் வந்தால் வேலை நின்றுவிடும்தானே. நீர் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்.

"ஏலாது."

"என்னில நம்பிக்கை இல்லையோ?"

"விசர்க்கதை கதையாதையும். உமக்குத் தெரியாததை உம்மட்ட இருந்து ஆரும் அடிச்சு எடுக்க ஏலாது. அவ்வளவுதான்."

பிறகு குரலைத் தாழ்த்தி அந்தக் கட்டளையைச் சொன்னீர். "நான் ஒரு நாளைக்கு, பெரிய கோயில் மத்தியான மணி அடிச்சும் வராட்டில், கொழும்புக்கு எடுத்து பாஸ்வேட்டை மாத்தச் சொல்லும். ஏனெண்டு யோசிக்காதையும். என்னைத் தேடவும் வேண்டாம். முதல் அதைச் செய்யும்."

"காய்ச்சலெண்டால்?"

"காய்ச்சலெண்டாலும் மாத்தும். எழும்பி வந்து புதுசைப் பாடமாக்கிறன்."

நான் தலையாட்டினேன். அப்படி ஒரு நாள் வராது என்று எண்ணித்தான் தலையாட்டினேன் என்பதை நீர் அறிந்திருப்பீர்.

ஒரு முறை வந்துவிட்டதுபோல இருந்தது. நீர் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு கோயில் பக்கமே காதாக இருந்தேன். மணியின் முதல் அடி கேட்டது. இலக்கங்களை அமர்த்தத் தொடங்கினேன். சைக்கிளைச் சுவரில் மோதுகிற மாதிரி நிறுத்திவிட்டு நீர் ஓடி வந்தீர். உங்கள் பகுதியைச் சுற்றி வளைத்து ஒருவரையும் வெளியில் விடவில்லையாம். "மாத்திப் போட்டீரோ?" என்றீர் மூச்சு வாங்க. இல்லை என்றதும் என் தலையில் குட்டினீர். "மணி அடிச்சால் மாத்தவேணும் எண்டு சொன்னனான். என்ன பார்த்துக்கொண்டிருக்கிறீர்?" சந்தோசப்படுவீர் என்று பார்த்தால், உண்மையாகவே கோபப்பட்டீர். அந்த நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

பிறகு அந்த நாள்.

மணி அடிப்பதற்கு முதலே உம்முடைய அம்மா வந்தார். வாசலோடு நின்றுவிட்டார். கையில் உம்முடைய சாப்பாட்டுப் பெட்டி. "காலமை வெளிக்கிட்டவள்" என்றார். "சைக்கிள் சந்தியில ஸ்ராண்ட் போட்டபடி நிக்குது. இது கூடைக்குள்ள கிடந்தது. இஞ்சை வந்தவளோ?" நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் வந்து கதிரையில் இருந்தார். எங்களிடம் வருகிற எல்லாரும் இருக்கும் அதே கதிரை, அதே விளிம்பு. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "எழுதும் பிள்ளை. மற்றாக்களுக்கு எழுதுற மாதிரி எழுதும்" என்றார்.

நான் கணினியை எழுப்பினேன். உமக்குத் தெரியும், அடுத்தது என்ன என்று. கடவுச்சொல் கேட்கும் இடம் வந்தது. கைகளை விசைப்பலகையில் வைத்தபடி இருந்தேன். உம்மைப் பதிவதற்கு எங்கள் தீவில் உம் ஒருவரால்தான் முடியும். கேள்வியை அப்படியே விட்டுவிட்டுச் செயலியைத் திறந்தேன். வள்ளங்கள் வந்தன. கடலரசிக்கும் வெள்ளிமலருக்கும் கீழே உம்முடைய பெயரை எழுதினேன். வயது, நிறம், உடுத்திருந்த சட்டை. அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். கண்டது யார் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். சந்தியில் கடைகள் திறந்துதான் இருந்தன. ஒருவரும் காணவில்லையாம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சேமிக்கும் பொத்தானை அமர்த்தினேன். காத்திருக்கவே தேவையில்லை, உடனே 'சேமிக்கப்பட்டது' என்று வந்தது. அந்த வேகம்தான் என்னைப் பயப்படுத்தியது. கொழும்புக்குப் போகிற ஒன்றும் அவ்வளவு கெதியாகப் போனதில்லை.

அப்போது மணி அடித்தது.

கொழும்பு அக்கா எடுத்தார். சொன்னேன். "நான் இப்பவே மாத்துவன், தங்கச்சி" என்றார். "ஒரு நிமிச வேலை. ஆனால் நீர் ஒண்டை யோசிச்சீரோ?"

யோசித்திருந்தேன். மணியின் முதல் அடியிலிருந்து அதைத் தவிர வேறொன்றும் யோசிக்கவில்லை. அவர்கள் உம்மிடம் கேட்பார்கள். கேட்கிற விதமாகக் கேட்பார்கள். ஏதோ ஒரு கட்டத்தில் நீர் சொல்லலாம், யார்தான் சொல்லமாட்டார்? நீர் சொல்வது உண்மையான கடவுச்சொல்லாக இருக்கும். அவர்கள் அடித்துப் பார்ப்பார்கள். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வரும். நீர் பொய் சொன்னதாக நினைப்பார்கள். அதற்குப் பிறகு உம்மை என்ன செய்வார்கள்?

மாற்றாவிட்டால், அந்த நெடுந்தீவு மனிதர். அவருடைய இரண்டு குமர். அந்தக் கதிரை விளிம்பில் இருந்து வாசலைத் திரும்பிப் பார்த்த ஒவ்வொருவரும்.

"தங்கச்சி, நீர்தான் அவவோட இருந்தனீர். சொல்லும். மாத்தட்டோ?"

உம்முடைய அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்து ஏதோ உதவி வரப்போகிறது என்ற நினைப்பு அவருடைய முகத்தில் இருந்தது.

"மாத்துங்கோ அக்கா" என்றேன்.

தொலைபேசியை வைத்ததும் அம்மா கேட்டார், "என்னத்தை மாத்தச் சொன்னனீர் பிள்ளை?"

"கொம்பியூட்டரில ஒரு வேலை அம்மா."

"அது செய்தால் பிள்ளை வருவாளோ?"

நீர் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பீர். நான் சாப்பாட்டுப் பெட்டியை வாங்கி மேசையில் வைத்தேன்.

அக்கா அன்று இன்னொன்றும் செய்தார். உம்முடைய பயனர் பெயரை அழிக்காமல் விட்டார். பழைய கடவுச்சொல்லோடு அந்தப் பெயரில் யாராவது வந்து தட்டினால் பதிவில் ஒரு வரி விழும், எந்த நேரம் என்று தெரியும் என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அவருக்கு எடுப்பேன். "ஒண்டும் இல்லை, தங்கச்சி" என்பார். முதல் நாட்களில் அதைக் கேட்டதும் உயிர் வரும். அவர்கள் உம்மிடம் கேட்கவில்லை, நீர் எங்கேயோ சும்மா வைக்கப்பட்டிருக்கிறீர், விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளையாருக்கும் உங்கள் மாதாவுக்கும் சேர்த்தே நேர்ந்தேன், அந்த வரி வரக்கூடாது என்று.

எப்போது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு காலை அக்கா "ஒண்டும் இல்லை" என்றபோது, இன்னொரு தரம் பாருங்கோ என்று கேட்டேன். அதற்குப் பிறகு நான் நேர்ந்ததெல்லாம், அந்த வரி வரவேண்டும் என்றுதான். ஒரே ஒரு வரி. யாரோ ஒருவர் உம்மிடமிருந்து அந்தச் சொல்லை வாங்கி அடித்தார் என்றால், சொல்வதற்கு நீர் இருந்தீர் என்று அர்த்தம். அப்படி வேண்டிக்கொள்கிறவள் எப்படிப்பட்ட சினேகிதி என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் வேண்டினேன்.

வரவேயில்லை.

நீர் சொல்லவில்லையா, அவர்கள் கேட்கவில்லையா, கேட்பதற்கு முதலே எல்லாம் முடிந்துவிட்டதா, எனக்குத் தெரியாது. உம்முடைய அம்மாவும் கேட்கிறார், மாதத்தில் ஒரு தரமாவது தொலைபேசியில். அவரிடம் இதில் எதையும் நான் பிரித்துச் சொல்வதில்லை. நெடுந்தீவு மனிதர் உயிரோடு இருக்கிறார். மூத்த மகளுக்குக் கலியாணமாகிவிட்டது. உம்மைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஊர்காவற்றுறை அலுவலகத்தை மூடுவதற்கு முதல், வள்ளங்களுக்கு நடுவே இருந்த உம்முடைய பதிவை உண்மையான தரவுத்தளத்துக்கு நானே அனுப்பினேன். அக்கா எனக்கென்று தந்த வேறு பயனர் பெயரையும் புதிய கடவுச்சொல்லையும் கையால் அடித்தேன். என்னைச் சுவரைப் பார்க்கச் சொல்ல ஒருவரும் இல்லை. சேமிக்கும் பொத்தானை அமர்த்திவிட்டுக் காத்திருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது. நீர் போட்ட அந்த ஐந்தாவது வரி கோப்பில் அப்படியே இருந்தது, செயலி அவசரப்படவில்லை. கடைசியில் போய்ச் சேர்ந்தது.

இங்கே லைன் கெதியானது. காத்திருக்கும் நேரத்துக்கான அந்த எண்ணைக் குறைக்கலாமே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். நான் விடுவதில்லை. எந்தக் கோப்பிலும் கடவுச்சொல் எழுதவும் விடுவதில்லை. வயது போகாமலே கிழவி மாதிரிப் பிடிவாதம் என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்களாம். சொல்லட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும் என்பது இங்கத்தைய விதி. அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்காது. அக்கா கண்டும் காணாததுபோல எனக்கும் சேர்த்து அந்த வேலையைச் செய்துவிடுவார்.

ஆனால் காலையில் முதலில் மறுக்கப்பட்டவர்களின் பதிவைத் திறப்பது நான்தான். அதை வேறொருவருக்கும் கொடுக்கவில்லை. உம்முடைய பயனர் பெயர் இன்னும் அங்கே இருக்கிறது. அந்தப் பழைய கடவுச்சொல் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உமக்கு மட்டும்தான் தெரியும். எங்கே இருந்தாலும் ஒரு தரம் அதை அடியும். திறக்காது. மாற்றச் சொன்னது நான். ஆனால் நீர் தட்டினீர் என்று எனக்குத் தெரியவரும்.